பேட்டரி வீட்டில், ஆணி கன் பட்டறையில்

என் கணவர் பரணிலிருந்து விழுந்தது பங்குனியில், உத்திரத்துக்கு முந்தின வாரம். பழனிக்கு நடந்து போகிறவர்கள் செம்பட்டிச் சாலையில் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மோர் கொடுக்கப் போட்டிருந்த பந்தலுக்குப் பக்கத்து வீட்டில்தான் அவர் பரணுக்குக் கதவு மாட்டிக்கொண்டிருந்தார். பந்தலில் நின்றவர்களே அவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றித் திண்டுக்கல்லுக்குக் கொண்டுவந்தார்கள். அடி வலது தோளில்.

எது எப்போது நடந்தது என்று கேட்டால் சொல்வதற்கு வீட்டுக்கு ஒருவர் வேண்டும். எங்கள் வீட்டில் அது நான். எந்தத் தெருவுக்கு எந்த ஆண்டு தண்ணீர்க் குழாய் வந்தது, எந்த மழையில் எந்தப் புளியமரம் சாய்ந்தது என்று கேட்டுக் கேட்டுச் சேர்ப்பது என் பழக்கம். நூலகத்தில் எடுத்து வரும் புத்தகங்களில்கூட முதலில் ஆண்டுகளைத்தான் என் கண் தேடும். ஆனால் அந்தப் பங்குனி வாரம் மனதில் நிற்பதற்கு அந்தப் பழக்கம் தேவைப்படவில்லை.

தோள் கூடியது. கை பழையபடி மேலே எழும்பவில்லை. சித்திரைக் கடைசியில் டாக்டர் சொன்னார்: "வேலை பாக்கலாம். கையத் தூக்கி ஓங்கி அடிக்கிற வேலை மட்டும் இனி வேண்டாம்." என் கணவர் தலையாட்டினார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது என்னிடம், "தச்சு வேலைல ஓங்கி அடிக்காத வேலை எது?" என்று கேட்டார். நான் யோசித்தேன். "அளக்குறது," என்றேன்.

எங்கள் பட்டறை வீட்டுக்கு முன்னால் இருக்கிறது. தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. கட்டில், அலமாரி, சமையலறைக் கதவுகள் செய்கிறோம். வேலைக்கு இரண்டு பேர். ஒருவர் உள்ளூர்க்காரர், பேசவே மாட்டார். இன்னொருவர் ஒட்டன்சத்திரம் பக்கம். அவர் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவார். ஆர்டர் எடுப்பது, ப்ளைவுட் வாங்குவது, பில் போடுவது என் பொறுப்பு. வைகாசி முழுவதும் என் கணவர் என்னுடைய பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்று சொல்வதுகூடப் பொய்தான். எழுந்து போவார், பலகை ஓரத்துக்குப் பீடிங் சட்டம் ஒட்டுகிற இடத்தில் நிற்பார், "இன்னும் ஒரு நூல் தள்ளு" என்று அரைக்கால் அங்குலத்துக்குக் கணக்குப் பார்ப்பார், திரும்பி வந்து உட்காருவார், மறுபடி எழுவார். ஒரு நாள் ஒட்டன்சத்திரத்துக்காரர் உளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏனுங்கண்ணா, கை நோவுதுன்னீங்க. வாய் நோவுலீங்களா?"

பேசாத உள்ளூர்க்காரர் சிரித்துவிட்டார். என் கணவரும் சிரித்தார். ஆனால் அன்று சாயங்காலம் அவர் சாப்பிடவில்லை. தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனம் நன்றாக இல்லையா என்று கேட்டேன். "வேலை செய்யாதவனுக்கு வெஞ்சனம் என்ன வேண்டிக்கெடக்கு?" என்றார்.

எனக்குப் பயம் அப்போதுதான் வந்தது. அந்த நாற்காலி அவரை உள்ளிருந்து அரித்துக்கொண்டிருந்தது. அவர் மறுபடியும் வேலைப் பலகை முன் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மெல்ல மெல்ல வேறு ஆளாகிவிடுவார். எனக்கு அது தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கிறது என்பதும் தெரிந்தது.

ஆணி அடிக்கும் கன் பற்றிச் சொன்னது ஒட்டன்சத்திரத்துக்காரர்தான். கேலி செய்ததற்குப் பரிகாரமாகச் சொல்லியிருக்கலாம். காற்றுக் குழாயும் கம்ப்ரஸரும் வைத்த பெரிய பட்டறைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். இப்போது பேட்டரியிலேயே ஓடுவது வந்திருக்கிறதாம். கையை ஓங்க வேண்டாம். ஆணி வெளியே வரும் மூக்கைப் பலகையில் வைத்து அழுத்தி விசையை இழுத்தால் ஆணி உள்ளே போய்விடும்.

ஆடித் தள்ளுபடியில் வாங்கப் போனோம். திண்டுக்கல் பஸ் நிலையத்துக்குப் பின்னால், பூட்டுக் கடைகளுக்கு நடுவில் கருவிகள் விற்கிற கடை. கடைக்காரர் இரண்டு கன்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று கனமானது, வேகமானது. மற்றது சிறியது. என் கணவரின் கை நேராகக் கனமானதுக்குப் போனது. கடைக்காரர் பேசிக்கொண்டிருக்கும்வரை அதைக் கையை நீட்டிப் பிடித்திருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கடைக்காரர் நிறையப் பேசுகிறவர். பாதியில் கன் மெல்ல மேசைக்கு இறங்கியது.

"அக்கா, இதுல ட்ரிக்கரப் புடிச்சுக்கிட்டே மூக்கால தொட்டுத் தொட்டுப் போகலாம். டப்பு டப்புன்னு போய்க்கிட்டே இருக்கும். கட்டிலுக்கு முதுகுப் பலகை அடிக்கச் செத்த நேரம்தான்."

"சின்னதுல?"

"சின்னதுல ஒவ்வொரு ஆணிக்கும் மொதல்ல மூக்க அமுக்கணும், அப்புறம் ட்ரிக்கர இழுக்கணும். மெதுவாத்தான் போகும்."

"மூக்கு உள்ள போய் மாட்டிக்கிட்டா?"

"அது எப்படிக்கா மாட்டும்? ஸ்பிரிங் இருக்குல்ல."

"மாட்டிக்கிட்டா?"

கடைக்காரர் என் கணவரைப் பார்த்தார். "சார், அக்கா வக்கீலா?"

"இல்லப்பா. லைப்ரரி."

நான் இரண்டு பெட்டிகளிலும் இருந்த குறிப்புப் புத்தகங்களை வாங்கி, கடை வாசல் ஸ்டூலில் உட்கார்ந்து படித்தேன். எறும்பு ஊர்ந்த மாதிரி ஆங்கில எழுத்து. சிறியதன் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது: மூக்கு அமுங்கிய நிலையிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டால், விசையை இழுக்கும்போது சிவப்பு விளக்கு மட்டும் மின்னும், மூக்கை விடுவிக்கும்வரை கருவி வேலை செய்யாது. பெரியதன் புத்தகத்தில் அப்படி ஒரு வரியைத் தேடினேன், கிடைக்கவில்லை. என் ஆங்கிலத்துக்குத் தப்பியிருக்கலாம். எனக்கு அந்த ஒரு வரி போதும். சிறியதை எடுத்துக் கட்டச் சொன்னேன்.

டவுன் பஸ்ஸில் பெட்டி அவர் மடியில் இருந்தது. மலைக்கோட்டை பின்னால் போனதும் சொன்னார்:

"குதிரை கேட்டேன். கழுதை வாங்கிக் குடுத்திருக்க."

"கழுதை கீழ தள்ளாது," என்றேன்.

வாங்கியது ஆடியில். ஆடியில் புதுக் கருவி தொடக்கூடாது என்றார் என் கணவர். ஆவணியில் தொடலாம் என்றால், தோளில் மறுபடி வலி கண்டு, இன்னும் ஒரு மாதம் கை எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் சின்னாளபட்டியிலிருந்து என் நாத்தனார், அவருடைய அக்கா, போனில் தீர்ப்புச் சொன்னார்: "சரஸ்வதி பூசைக்கு வாரேன். பூசையில வெச்சு விஜயதசமிக்குத் தொடங்கட்டும். அதுவரைக்கும் ஒரு ஆணிகூட அடிக்கப்படாது." வேலைக்காரர்கள் தொட்டுப் பார்க்கக் கேட்டபோதும் என் கணவர் விடவில்லை. முதல் ஆணி தன் கையால்தான் என்றார்.

ஆக, ஒரு வேலையும் செய்யாத கருவியை மாதக்கணக்கில் பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் என் கால்கள் நடக்கத் தொடங்குகின்றன. தகரக் கூரையின் கீழே மத்தியானம் அப்பளம் பொரிக்கலாம். பேட்டரிக்குச் சூடு ஆகாது என்று புத்தகம் சொல்கிறது. மரத்தூள் மூக்குக்குள் போகக்கூடாது. ஆணிகள் ஒட்டிய பட்டைகளுக்கு ஈரம் ஆகாது. அவர் தேக்குத் துண்டுகளை இடது கையால் வெட்டி, கன்னின் வடிவத்துக்குக் குழி எடுத்து, ஒரு பெட்டி செய்தார். அந்த ஒரு வாரம் மட்டும் அவர் நன்றாகச் சாப்பிட்டார். பெட்டிக்கு நம் திண்டுக்கல் பூட்டு. ஆணிப் பட்டைகள் முறுக்கு டப்பாவில். பேட்டரி மட்டும் வீட்டுக்குள், என் புத்தக அலமாரியில், வெயில் படாத தட்டில் இரண்டு தடித்த புத்தகங்களுக்கு நடுவே. பேட்டரியும் கன்னும் ஒரே கூரையின் கீழ் இருக்கக்கூடாது என்பது நானாக வைத்த சட்டம்.

"துப்பாக்கி ஒரு ஊர்ல, தோட்டா ஒரு ஊர்லயா?" என்றார் அவர். "போர் வந்தா என்ன செய்வ?"

"போர் வர்றப்ப சொல்லுங்க, எடுத்துத் தாரேன்."

இருந்தும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. படித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தை விட்டு எழுந்து போய் அலமாரியைத் தொட்டுப் பார்ப்பேன், சூடாக இருக்கிறதா என்று. பட்டறைக்குப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். கறிக்குழம்பு அடுப்பில் இருக்கும்போது, ஆணி டப்பாவின் மூடியைச் சரியாக அழுத்தினேனா என்று சந்தேகம் வந்து போவேன். எனக்குப் பயம் கன் மீதா, அல்லது அது அவருடைய தோளுக்கு ஒத்துவராமல் போனால் மறுபடியும் அந்த நாற்காலிதான் என்பதா, எனக்கே தெரியவில்லை. ஒருவேளை எல்லாப் பூட்டுகளையும் இழுத்துப் பார்த்தது அதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்காக இருக்கும்.

பூசைக்கு என் நாத்தனார் காலையிலேயே வந்துவிட்டார். அவர் நெசவு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர். தறிக்குப் பூசை போட்டே முப்பது நாற்பது வருஷம் பழகிய கை. வாழைக்கன்று, பொரி, கடலை, எலுமிச்சம்பழம், எல்லாம் அவர் சொன்ன இடத்தில் வந்து உட்கார்ந்தன. ரம்பம், உளி, இழைப்புளி, சுத்தியல் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து ஒரு பலகையில் வரிசையாக வைத்தோம். கன் பெட்டியோடு இருக்கட்டும் என்றேன்.

"பொட்டிக்குள்ள கெடந்தா அது பூசையாத்தா?" என்றார் நாத்தனார். "எடுத்து வையி. என்னமோ ஒண்ணு உள்ள போடணுமாமே, அது எங்க?"

"பேட்டரி வேணாம் மதினி. அது வீட்லயே இருக்கட்டும்."

"காம்பு இல்லாம சுத்தியல வைப்பியா? உசுரில்லாத பொருளுக்கா பூச போடச் சொல்ற?"

என் கணவர் ஏற்கெனவே வீட்டுக்குள் போயிருந்தார். புத்தகங்களுக்கு நடுவிலிருந்து பேட்டரியை எடுத்து வந்து, கன்னில் தள்ளினார். அது பிடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம் இருந்ததால் என் சட்டத்தை அன்றைக்கு விட்டுக்கொடுத்தேன்.

நாத்தனார் சந்தனத்தைப் பன்னீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்தார். கன்னைக் கீழே படுக்க வைத்தால் லட்சணமாக இல்லை என்று, மூக்கு கீழே இருக்கும்படி பலகையில் நிறுத்தி, ஆடாமல் இருக்க வாழைக்கன்றோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். பிறகு மூக்கைச் சுற்றிச் சந்தனத்தை அள்ளி வைத்து, மேலே குங்குமம் வைத்தார்.

"ஏங்க்கா, அங்கிட்டு எதுக்கு அம்புட்டுச் சந்தனம்?" என்று கேட்டார் என் கணவர்.

"எங்க வீட்ல நாடாவுக்கு ரெண்டு முனையிலயும்தான் வைப்போம். ஓடுற பொருளுக்கு முனைதான்டா மூஞ்சி."

நாடா என்பது தறியில் நூலைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும் கட்டை. அதன் முனை மழுங்கினால் அன்றைய நெசவு போச்சு. அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது.

பூசை முடிந்தால் மறுநாள் காலைவரை கருவிகளைத் தொடக்கூடாது. ஆகவே பேட்டரி கன்னிலேயே இருந்தது. மத்தியானம் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். பொரி கொடுக்க வந்தவர்கள் போன பிறகு ஒரு தடவை. விளக்கேற்றப் போகிற சாக்கில் ஒரு தடவை. நாத்தனார் முறைத்தார். "ஏத்தா, சாமி எங்கயும் ஓடிறாது."

விஜயதசமி காலை. முதல் வேலைக்கு என்ன என்பதை என் கணவர் முன்பே முடிவு செய்திருந்தார். செம்பட்டியில் அவர் விழுந்த அதே வீட்டுக்காரர்கள் பூஜை அலமாரி கேட்டிருந்தார்கள். அதன் நிலைச்சட்டத்தில் ஒரு பீடிங். பீடிங்கை ஒட்டி வைத்திருந்தார், ஓரங்களைத் தேய்த்து வைத்திருந்தார். குளித்து, வேட்டியைத் தார் பாய்ச்சிக் கட்டி வந்து நின்றார். வேலைக்காரர்கள் இருவரும் அவரவர் கருவியோடு காத்திருந்தார்கள், அண்ணன் தொடங்கட்டும் என்று. நான் ஆணிப் பட்டையைக் கொடுத்தேன். அவர் வாழைக்கன்றிலிருந்து கன்னை அவிழ்த்து, துண்டால் மேலாகத் துடைத்து, பட்டையைச் செருகி, இரண்டு கையாலும் பிடித்து, மூக்கைப் பீடிங்கில் வைத்து விசையை இழுத்தார்.

ஒன்றும் நடக்கவில்லை. சின்னச் சிவப்பு விளக்கு மின்னியது.

மறுபடி இழுத்தார். மறுபடியும் விளக்கு மட்டும்தான்.

"ஏனுங்கண்ணா, சார்ஜ் இல்லீங்களா?"

"நேத்துதான் ஏத்துனேன்," என்றேன்.

நாத்தனார் தாலிக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் அபசகுனம் என்று சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததே போதுமானதாக இருந்தது. என் கணவர் கன்னைத் திருப்பினார். மூக்கைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்து, இடது கைப் பெருவிரலால் அதைக் குத்திக் குத்திப் பார்த்தார். வலது கை விரல் விசையிலேயே இருந்தது.

"கீழ வைங்க," என்றேன். கிட்டப் போய், பக்கவாட்டுப் பொத்தான்கள் இரண்டையும் அழுத்திப் பேட்டரியை உருவி எடுத்தேன். என் கையில் அது இளஞ்சூடாக இருந்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கன்னைப் பலகையில் வைத்தார். வரிசையில் குங்குமத்தோடு இருந்த பழைய சுத்தியலை எடுத்தார். "நல்ல நேரம் போகுது," என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார். ஒரு ஆணியைப் பீடிங்கில் ஊன்றினார். கையைத் தூக்கினார். கை காதுக்குக் கீழேயே நின்றுவிட்டது. அதற்கு மேல் போகவில்லை. அவர் அதைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார், இன்னும் கொஞ்சம் போகும் என்று எதிர்பார்ப்பதுபோல. பிறகு இறக்கினார். ஒட்டன்சத்திரத்துக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதுவும் பேசாமலிருந்து நான் பார்த்தது அன்றுதான்.

சிவப்பு விளக்கு. கடை வாசல் ஸ்டூலில் உட்கார்ந்து படித்த வரி எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கன்னை எடுத்து மூக்கைப் பார்த்தேன். அது வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இல்லை. உள்ளே போய்விட்டிருந்தது. அதைச் சுற்றிச் சந்தனம் காய்ந்து, சுண்ணாம்புக் காரை பூசியதுபோல இறுகியிருந்தது. நேற்று பகல் முழுவதும், ராத்திரி முழுவதும், வாழைக்கன்றோடு கட்டிய நிலையில் மூக்கு அமுங்கியே இருந்திருக்கிறது. கட்டை அவிழ்த்த பிறகும் சந்தனம் அதை விடவில்லை.

ஆணிப் பட்டையை வெளியே எடுக்கச் சொல்லிவிட்டு, வீட்டிலிருந்து பழைய பல் துலக்கும் பிரஷும் கோணி ஊசியும் கொண்டுவந்தேன். உள்ளூர்க்காரர் வாங்கிக்கொண்டார். ஊசியால் ஓரங்களைக் கிளறி, பிரஷால் தேய்த்து, வாயால் ஊதினார். மஞ்சள் பொடியாக உதிர்ந்தது. திடீரென்று டக் என்று மூக்கு வெளியே குதித்தது. நாத்தனார் பின்னால் நகர்ந்தார்.

"நாடாவுக்கு வைக்கிற மாதிரித்தானப்பு வெச்சேன்," என்றார். அழப்போகிற குரல்.

என் கணவர் அக்காவைப் பார்த்தார். முகம் மெல்ல இளகியது. "உன் நாடா மூக்க உள்ள இழுத்துக்கிறாதுக்கா. இது கோவக்காரக் கழுத."

"இந்தச் சனியனுக்கு நெத்தி எதுன்னு நீயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"ஏனுங்கக்கா," என்று ஒட்டன்சத்திரத்துக்காரருக்குப் பேச்சு திரும்பிவிட்டது, "அடுத்த வருசம் மூக்குத்தி வேணும்னா போட்டுருலாமுங்க."

நான் பேட்டரியை என் கணவரிடம் கொடுத்தேன். அவர் ஒரு மரத்துண்டில் மூக்கை நாலைந்து முறை அழுத்தி அழுத்தி விட்டுப் பார்த்தார். பிறகு பட்டையைச் செருகி, பீடிங்கில் வைத்து, அழுத்தி, இழுத்தார்.

டப்.

ஆணியின் தலை தெரியவில்லை. பெருவிரலால் தடவிப் பார்த்தார். அடுத்த இடத்துக்கு நகர்ந்தார். பீடிங் முடியும்வரை யாரும் அவரவர் வேலையைத் தொடங்கவில்லை. அவர் தோள் அசையவே இல்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டுக்கு அப்புறம் அவர் தன் இடது பெருவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாயசத்தைத் தொடவில்லை.

"அந்தப் பெரிசு வாங்கியிருந்தா?" என்றார்.

"தெரியல."

"தெரியும் உனக்கு."

"சத்தியமாத் தெரியலங்க. அதோட புத்தகத்துல அந்த வரி என் கண்ணுக்குப் படல. அம்புட்டுத்தான்."

அவர் பாயசத்தைக் குடித்துவிட்டு எழுந்து போனார். சாயங்காலம் வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி அவரே எடுத்து வந்து புத்தகங்களுக்கு நடுவில் வைத்தார். "இந்தா உன் தோட்டா," என்றார். அன்றிலிருந்து அதுதான் வழக்கம்.

சென்ற பூசைக்கு நாத்தனார் மறுபடியும் வந்தார். கன்னுக்குக் கைப்பிடியில் ஒரு பொட்டு, அதுவும் கடுகளவு. பேட்டரிக்குத் தனியாக ஒரு தாம்பாளம், தனியாக ஒரு எலுமிச்சம்பழம். "உசுரு தனியா இருந்தாலும் உசுருதான்," என்று அவரே விளக்கம் சொல்லிக்கொண்டார்.

பிளாஸ்டிக் நாற்காலி என்னிடம் திரும்ப வந்துவிட்டது. அதை வீட்டுக்குள் போட்டு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பட்டறையிலிருந்து டப், டப் என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. கேட்டுக்கொண்டிருக்கும்வரை எழுத முடிகிறது. சற்று முன் அது நின்றது. வழக்கத்தைவிட நீளமாக நின்றதுபோல இருந்தது. பேனாவை மூடிவிட்டு எழுந்து வாசல்வரை போனேன். அவர் கன்னைக் கீழே வைத்துவிட்டு, பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒட்டன்சத்திரத்துக்காரரிடம் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ஒரு நூல் தள்ள வேண்டும் என்கிறார் இவர். வேண்டாமுங்க என்கிறார் அவர். நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். டப் சத்தம் இன்னும் தொடங்கவில்லை.